சிறுவிடையா, கலப்பு நாட்டுக்கோழியா? குடலை வச்சு ஒரு கணக்கு

சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி ரகமான சிறுவிடை, வேகமா எடை ஏறுற கலப்பு நாட்டுக்கோழி, ரெண்டும் வளர்த்துட்டு இப்போ சிறுவிடை மட்டும்தான் வச்சிருக்கேன், அதனால நான் எந்தப் பக்கம்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க. எடையிலயும் முட்டையிலயும் கலப்பு ரகம்தான் முன்னாடி, அதுல பேச ஒண்ணுமில்ல. சிறுவிடை வருஷத்துக்கு 60 முட்டை போட்டாலே பெருசு.

நான் முடிவு பண்ணது குடலைப் பார்த்து. கோழிக் குடலோட உள்சுவர்ல வழவழன்னு ஒரு சளிப்படலம் இருக்கும், கோப்ளட் செல்னு ஒண்ணு அதை சுரந்துக்கிட்டே இருக்கும், கிருமி சுவர்ல ஒட்டறதுக்குள்ள அதுல சிக்கி எச்சத்தோட வெளிய போயிடும். பழசு கழண்டு போகப்போக புதுசு சுரக்கணும், அதுக்கு த்ரியோனின்ங்கிற அமினோ அமிலம் நிறைய வேணும், சதை போடவும் அதேதான் வேணும். விஷயமே இங்கதான். வேகமா எடை ஏறுற கோழிக்கு தீவனத்தோட தரம் கொஞ்சம் இறங்கினாலும் குடலுக்குப் போக வேண்டிய பங்கு குறையுதுன்னு நினைக்கிறேன். சிறுவிடைக்கு அந்த அவசரம் கிடையாது, கரையான் புழுன்னு கிளறி புரதத்தை அதுவே தேடிக்குது, பச்சை கொத்துறதால வைட்டமின் ஏ-வும் கிடைக்குது, அது குறைஞ்சா சளி சுரக்கிற செல்லே கெட்டுப்போகும்.

ரத்தக்கழிச்சல் வரும்போதுதான் இந்தச் சளிப்படலத்தோட அருமை தெரியும். ஐமீரியா கிருமி குடல் செல்லுக்குள்ள பூந்து உடைச்சிடும், அந்தப் புண்ணுல கசியறதைத் தின்னு க்ளாஸ்ட்ரிடியம்ங்கிற பாக்டீரியா பெருகும், அப்புறம் மருந்துச் செலவுதான். மழைக்காலத்துல கொட்டகைத் தரையில போட்ட கூளம் ஈரமானா என்கிட்ட முதல்ல கூனி உக்காந்தது கலப்புக் குஞ்சுங்கதான். ஆனா ஒண்ணு, சிறுவிடை பகல் முழுக்க வெளிய மேயுது, கலப்பு கொட்டகைக்குள்ளயே எச்சத்து மேல நிக்குது, அதனால இதுல ரகத்தோட பங்கு எவ்வளவு, மேய்ச்சலோட பங்கு எவ்வளவுன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. சிறுவிடையை அடைச்சு வச்சு நான் வளர்த்ததும் இல்ல.

(நடுநடுவுல பழுப்பா கொழகொழன்னு எச்சம் போட்டா பதறாதீங்க, அது குருட்டுக்குடல்ல இருந்து வர்றது, நோயில்ல.)

வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, சிறுவிடையா இருந்தாலும் தடுப்பூசி போட்டே ஆகணும்.

இன்னொரு வித்தியாசம் ஆரம்பத்துலயே இருக்கு. சிறுவிடைக் குஞ்சு தாய் கூட இறங்கினதும் கொத்த ஆரம்பிச்சிடும், பொரிப்பகத்துக் குஞ்சு பெட்டியில பட்டினியா வரும். பொரிச்ச முதல் சில நாள்லதான் குடல்ல அந்த கோப்ளட் செல்லும் சளியும் வேகமா வளரும், அப்போ இரை லேட்டானா அந்த வளர்ச்சி தடுமாறும். மேய்ச்சல் நிலம் இல்லாதவங்க, எடைக்கு விக்கறவங்க கலப்பே எடுங்க, எடுத்தா பெட்டி வந்த உடனே தண்ணியும் தீவனமும் காட்டுங்க, கூளத்தை தினமும் கிளறி காய விடுங்க.