பேஸ்மென்ற் அறைக்குப் பிளக் ஹீற்றரா, பேஸ்போர்ட் ஹீற்றரா?

ரொறொன்ரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ற் அறையை அம்மாவுக்கு ஒதுக்கினோம். வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபேர்னஸின் சூடு அங்கே போதவில்லை. முதல் குளிர்காலத்தை, சுவர் பிளக்கில் செருகும் 1500 வாட் பிளக் ஹீற்றரோடு ஓட்டினோம். அடுத்த வருடம் 240 வோல்ட் பேஸ்போர்ட் ஹீற்றர் பூட்டினோம்; சுவரின் அடியோடு நீளமாகப் பொருத்தி, நேரே வயரில் இணைக்கும் ஹீற்றர் அது. இரவு முழுக்க ஒருவர் படுத்துறங்கும் அறைக்கு என் தெரிவு பேஸ்போர்ட்தான்.

பிளக் ஹீற்றர் மலிவு, வேண்டிய இடத்துக்குத் தூக்கிப் போகலாம், வாடகை வீட்டுக்கு அதுதான் தோது. கரண்ட் பில்லில் வித்தியாசம் இல்லை. எந்த ஹீற்றரில் ஓடினாலும் 1500 வாட் 1500 வாட்தான். பில் குறைய வேண்டுமென்றால், வெளியிலிருந்து சூட்டை உள்ளே இழுத்துத் தரும் ஹீற் பம்ப். அதை நான் பாவித்ததில்லை.

என்னை மாற வைத்தது வயர் இணைப்பு. பெப்ரவரியில் ஓர் இரவு அம்மா "ஏதோ கருகுது தம்பி" என்று கூப்பிட்டார். பிளக்கைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை; ஒரு பின்னின் அடி மண்ணிறமாகியிருந்தது. மறுநாள் வந்த எலக்ற்றீசியன் சுவர் பிளக்கைக் கழற்றினார். வயர்களை ஸ்குறூவில் முறுக்காமல், பின்னால் உள்ள துளையில் செருகி விட்டிருந்தார்கள். இரண்டு விரலால் இழுத்தார், ஒரு வயர் கையோடு வந்தது. "ஹீற்றரில பிழையில்ல அண்ணை, இந்த இடம்தான் சூடாகியிருக்கு" என்றார்.

சாதாரணச் சுவர் பிளக்கின் 120 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 12.5 அம்பியர். 15 அம்பியர் லைனில் மணிக்கணக்காக ஓடும் சுமை 12 அம்பியரைத் தாண்டக்கூடாது. எங்கள் லைனிலோ டிவியும் விளக்கும் வேறு இருந்தன. அதே 1500 வாட்டுக்கு 240 வோல்ட்டில் 6.25 அம்பியர் போதும். தளர்ந்த இணைப்பில் எழும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஓட்டம் பாதியானால் அந்தச் சூடு காற்பங்கு. போதாததற்கு, பேஸ்போர்ட்டில் தேய்ந்து தளர ஒரு பிளக்கே கிடையாது.

அதற்கென்று தனி லைன்: இரண்டு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் 20 அம்பியர் டபுள் போல் பிறேக்கர், 12 கேஜ் தடிப்புள்ள செம்பு வயர். கனடாவில் ஹீற்றருக்கென்றே சிவப்பு உறை போட்ட கேபிள் கிடைக்கும், உள்ளே கறுப்பு வயரும் சிவப்பு வயரும். வாங்கும்போது ஹீற்றரின் தகட்டில் வோல்ட் பாருங்கள். 240 வோல்ட் ஹீற்றரை 120இல் கொடுத்தால் காற்பங்கு சூடுதான் வரும். 120 வோல்ட் ஹீற்றரை 240இல் கொடுத்தால் நாலு மடங்கு இழுத்து எரியும்.

அறையின் சூட்டைப் பார்த்து ஹீற்றரைப் போட்டு நிறுத்தும் தேர்மோஸ்ற்றாற்றும் 240 வோல்ட்டைத் தாங்குவதாக இருக்கவேண்டும். ஃபேர்னஸுக்குப் பூட்டும் 24 வோல்ட் சாமான் ஆகாது. இரண்டு வயர் தேர்மோஸ்ற்றாற் ஒரு பக்கத்தை மட்டுமே துண்டிக்கும், மற்ற வயரில் கரண்ட் நிற்கும். நான் இரண்டையும் துண்டிக்கும் நாலு வயர் ஒன்றைப் போட்டேன். எதுவானாலும் பிறேக்கரை நிறுத்தி, கரண்ட் இல்லையென்று ரெஸ்ரரால் பார்த்த பிறகே மூடியைத் திறக்கவேண்டும்.

ஜன்னலுக்குக் கீழே பூட்டினால் இறங்கிவரும் குளிர்காற்றை ஹீற்றர் மறிக்கும். ஆனால் ஹீற்றருக்கு மேலே சுவர் பிளக் இருக்கவே கூடாது. தொங்கும் வயர் சூட்டில் உருகும். எங்களுக்கு அப்படியொரு பிளக் இருந்ததால் ஹீற்றரை நாலடி தள்ளிப் பூட்டினோம். திரைச்சீலையையும் மேலே ஏற்றித் தைத்தோம்.

ஒன்ராறியோவில் சொந்த வீட்டு வயரிங்கை நீங்களே செய்யலாம், ஆனால் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துப் பரிசோதனை செய்விக்கவேண்டும். கூலிக்குச் செய்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும். "தெரிஞ்ச பெடியன் மலிவாச் செய்வான்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

குறையும் உண்டு. அந்தச் சுவரோடு கட்டிலோ அலுமாரியோ ஒட்டி வைக்க முடியாது. குளிர் தொடங்குமுன் ஹீற்றருக்குள் உள்ள தகடுகளில் படிந்த தூசியை உறிஞ்சி எடுக்காவிட்டால் முதல் நாள் மணக்கும். எங்களுடையதற்கு இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது, பத்து வருடம் தாங்குமா என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

பிளக் ஹீற்றர்தான் வழி என்றால், எக்ஸ்டென்ஷன் வயர் இல்லாமல் நேரே சுவரில் செருகுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அன்றே நிறுத்திவிட்டுச் சுவர் பிளக்கை மாற்றுங்கள்.