ரேடியேட்டர் லீக்: ஸ்டாப் லீக் ஊத்துறதா, எபாக்ஸி பூசுறதா, புதுசையே மாட்டிடறதா?

ரிசர்வாயர்ல (கூலன்ட் நிக்கிற பிளாஸ்டிக் டப்பா) இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட்டோட லெவல் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கு, பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா ரேடியேட்டரோட கருப்பு பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினியம் கோரும் (நடுவுல இருக்கிற குழாய்ப் பகுதி) சேருற மடிப்புல உப்பு பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையுமா ஒரு கறை. இந்த நிலைமைல வீட்லயே சரி பண்ணணும்னா மூணு வழி இருக்கு. கூலன்ட்டோட கலந்து ஓட்டையை அடைக்கிற ஸ்டாப் லீக் பாட்டில் ஊத்தலாம், எபாக்ஸி (இறுகி கெட்டியாகுற பசை) வச்சு அடைக்கலாம், இல்ல ரேடியேட்டரையே மாத்திடலாம். மூணையும் யோசிச்சுப் பார்த்துட்டு நான் புது ரேடியேட்டர் வாங்கி நானே மாட்டிக்கிட்டேன், அதனால இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஒண்ணு மட்டும் முதல்ல. லீக் ரேடியேட்டர்லதானான்னு உறுதி பண்ணிக்கோங்க. ஹோஸ் முனை, வாட்டர் பம்ப், மூடி எல்லாத்தையும் பாருங்க, இன்ஜின் நல்லா ஆறின பிறகு மட்டும். சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தா கொதிக்கிற கூலன்ட் முகத்துல அடிக்கும். ஸ்டார்ட் பண்ணின உடனே ரிசர்வாயர்ல விடாம குமிழி வருது, சைலன்சர்ல இனிப்பு வாசத்தோட வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த மாதிரி இருக்குன்னா அது ஹெட் கேஸ்கட் (இன்ஜினோட மேல் பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) விவகாரமா இருக்கலாம், அதுக்கு இந்த மூணுமே உதவாது.

செலவுல பாட்டில்தான் குறைவு, ரேடியேட்டர்தான் அதிகம், வேலையும் அதே வரிசைதான். இதுல சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

எபாக்ஸி விஷயத்துல எனக்கு அனுபவம் கம்மி. தெரிஞ்சவர் ஒருத்தர் வண்டியில டேங்கோட நடுவுல வந்த மயிரிழை விரிசலை நல்லா உரசி, எண்ணெய்ப் பிசுக்கு போக துடைச்சு ஒட்டியிருக்கார், நான் பார்த்தவரைக்கும் நிக்குது. ஆனா மடிப்புல கசியுறதுன்னா வேற கதை. அங்க உள்ளே ஒரு ரப்பர் கேஸ்கட் இருக்கும், வருஷக்கணக்கா சூட்டுல வெந்து அது கட்டையாகி இருக்கும். வண்டி சூடானதும் சிஸ்டத்துக்குள்ள சுமார் 1 பார் அழுத்தம் ஏறும், பிளாஸ்டிக் ஒரு அளவுக்கு விரியும் அலுமினியம் வேற அளவுக்கு விரியும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த மடிப்பு அசையும். மேல பூசின பூச்சு அதைத் தாங்கும்னு என்னால நம்ப முடியல.

ஸ்டாப் லீக்கை அப்படி ஒரேயடியா தள்ளிட முடியாது. சிலதுல சோடியம் சிலிகேட் இருக்கும், சிலதுல நார், துகள் மாதிரி பொருள். கூலன்ட்டோட சுத்தி வந்து ஓட்டை இருக்கிற இடத்துல அடைஞ்சு இறுகிடும். கோர்ல ஊசிமுனை அளவு ஓட்டைன்னா நிஜமாவே நிக்கும். நடுவழியில மாட்டிக்கிட்டா, இல்ல சீக்கிரமே ஸ்கிராப்புக்குப் போகப்போற வண்டின்னா, நானும் அதைத்தான் ஊத்துவேன்.

அப்புறம் ஏன் என் வண்டியில ஊத்தலைன்னா, ஊத்தினதுக்கு அப்புறம் வர்ற பராமரிப்புதான். என் முடிவை மாத்தினது இந்த ஒண்ணுதான்.

வீட்ல வேலை பார்க்கிற நம்மகிட்ட ஒர்க் ஷாப்ல இருக்கிற கருவி எல்லாம் கிடையாது. கூலிங் சிஸ்டத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்குச் சொல்றது பெரும்பாலும் அந்தக் கூலன்ட்தான். மூடியைத் திறந்து பார்க்கிறோம், தெளிவா நிறம் மாறாம இருந்தா நிம்மதி, செம்மண் நிறத்துல வந்தா துரு, மேல பிசுபிசுன்னு மிதந்தா ஆயில் கலக்குதோன்னு சந்தேகம். ஸ்டாப் லீக் ஊத்தின சிஸ்டத்துல இந்தச் சோதனை போச்சு. அடுத்த தடவை திறக்கும்போது கலங்கலா சேறு மாதிரி ஏதோ இருக்கும், அது துருவா, ஆயிலா, நாம ஊத்தின பவுடரான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதோட அந்தப் பொருளுக்கு ஓட்டை எது, குறுகலான வழி எதுன்னு தெரியாது. ஹீட்டர் கோர்ல (வண்டிக்குள்ள சூடான காத்து வர வைக்கிற குட்டி ரேடியேட்டர்) இருக்கிற மெல்லிசான குழாய், ரேடியேட்டரோட அடிப்பக்கக் குழாய், இப்படி ஓட்டம் மெதுவா இருக்கிற இடத்துல எல்லாம் படியலாம். ஹீட்டர் கோரை மாத்தணும்னா நிறைய வண்டியில டேஷ்போர்டையே கழட்டணும், வீட்டு வாசல்ல வச்சு செய்யற வேலை இல்ல அது. ஒரு சின்ன கசிவை அடைக்கப் போய் தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் திறக்கிற வால்வு), பம்ப், ஹீட்டர்னு அடுத்து வர்ற ஒவ்வொரு வேலையையும் கஷ்டமாக்கிக்கணுமா?

புது ரேடியேட்டர் மாட்டுறது பார்க்க பெரிய வேலை மாதிரி தெரியும், ஆனா பெரும்பாலும் போல்ட்டும் கிளாம்ப்பும்தான். பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டிடுங்க, சில வண்டியில சாவி எடுத்த பிறகும் ஃபேன் திடீர்னு சுத்தும். டிரெயின் பிளக் பிளாஸ்டிக்னா முரட்டுத்தனமா திருகாதீங்க, உடைஞ்சா கீழ் ஹோஸைக் கழட்டித்தான் வடிக்கணும். பழைய ஹோஸ் முனையில ஒட்டிக்கிட்டு வராது, இழுக்காம முதல்ல சுத்தித் திருப்பணும், புது ஹோஸ் கையில இருந்தா நீளவாக்குல கீறியே எடுத்துடலாம். ரேடியேட்டரைத் தூக்கும்போது முன்னாடி ஏசி கண்டென்சர் இருக்கும், நடுவுல ஒரு அட்டையைச் செருகிட்டா ரெண்டுலயும் ஃபின் (மெல்லிசான தகடு) மடங்காது. ஏசி பைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் கழட்டாதீங்க, உள்ளே கேஸ் அழுத்தத்துல இருக்கு. நான் கழட்டினது மேனுவல் கியர் வண்டி. ஆட்டோமேட்டிக்ல நிறைய வண்டிக்கு கியர் ஆயில் பைப்பும் ரேடியேட்டருக்குள்ள வந்து போகும், அதுக்குத் தனியா தயாராகிக்கோங்க.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீங்க, ஓனர் மேனுவல்ல என்ன வகைன்னு போட்டிருக்கோ அதுதான். பச்சைன்னா ஒரு வகை, சிவப்புன்னா ஒரு வகைன்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவான கணக்கு கிடையாது, ஒத்துவராத ரெண்டு வகை கலந்தா ஜெல் மாதிரி கெட்டியாகவும் வாய்ப்பிருக்கு. தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி. எத்திலீன் கிளைகால் கூலன்ட்டை அப்படிக் கலந்தா திறந்த நிலையில 106 டிகிரி பக்கம்தான் கொதிக்கும், நல்ல மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா கிட்டத்தட்ட 129 வரைக்கும் போகும். அதனால ரேடியேட்டரோட மூடியையும் மாத்திடுங்க.

இந்த வழியில உண்மையிலேயே பொறுமை வேணும்னா அது ஏர் எடுக்கிறதுக்கு, அதாவது உள்ளே மாட்டின காத்தை வெளியேத்துறதுக்குத்தான். வண்டி மூக்கு கொஞ்சம் மேல இருக்கிற மாதிரி நிறுத்தி, ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு, காத்தை வெளியே விடுற பிளீட் ஸ்க்ரூ இருந்தா அதை லூஸ் பண்ணி, இன்ஜின் ஆறி இருக்கும்போதே மெதுவா ஊத்தணும். குமிழி நின்னு, பிளீட் ஸ்க்ரூல இருந்து காத்து இல்லாம கூலன்ட் மட்டும் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கி, மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. மேல் ஹோஸ் சூடாகி, தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸும் சூடாகணும், ஃபேன் தானா ஓடி நிக்கணும். மேல சூடு கீழ ஜில்லுன்னே இருந்து டெம்பரேச்சர் முள் ஏறுதுன்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க, உள்ளே காத்து மாட்டியிருக்கு இல்ல தெர்மோஸ்டாட் திறக்கல. மறுநாள் காலையில இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது லெவல் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்பிட்டு அடுத்த சில நாள் பார்த்துக்கிட்டே இருங்க.

வடிச்ச பழைய கூலன்ட்டை வாளியில திறந்து வச்சுட்டுப் போயிடாதீங்க. எத்திலீன் கிளைகால் இனிப்பா இருக்கும், நாயோ பூனையோ நக்கினாலே உயிருக்கு ஆபத்து, குழந்தைங்களுக்கும் அதேதான். உடனே கேன்ல ஊத்தி இறுக்க மூடி, பழைய ஆயில் எடுத்துக்கிற இடத்துல கேட்டுக் கொடுத்துடுங்க, சாக்கடையில மட்டும் ஊத்தாதீங்க.