கழுத்துக் கட்டிக்கு அடிப்படை ‘லிம்போமா பேனல்’ போதுமா?

கழுத்துக் கட்டி, டான்சில் வீக்கம், ஈறில் திடீரெனத் தடித்த சதை, குழந்தைக்குக் கண் பிதுங்குவது. இவற்றின் பயாப்ஸியில் முதிராத வட்டச் செல்கள் தெரிந்தால் பல லேப்களில் முதலில் போடுவது ‘லிம்போமா பேனல்’, அதாவது சிடி45 (வெள்ளணுக்களின் பொது அடையாளம்), சிடி20 (பி-செல்), சிடி3 (டி-செல்), கி-67 (செல் பெருகும் வேகம்) ஆகிய புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் சின்னத் தொகுப்புதான். பி-செல் லிம்போமாவை (நிணநீர்ப் புற்றுநோய்) பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. மைலாய்டு சார்கோமா என்றால் கோட்டை விட்டுவிடும்.

ஏ.எம்.எல். (அக்யூட் மைலாய்டு லுக்கேமியா) என்ற ரத்தப் புற்றுநோயின் செல்களே எலும்பு மஜ்ஜைக்கு வெளியே கட்டியாகத் திரள்வதுதான் அது. மைலோபெராக்சிடேஸ் (எம்.பி.ஓ.) நொதியால் சில கட்டிகள் பச்சையாக இருக்கும். ‘குளோரோமா’ என்று 1853-ல் பெயர் வந்தது அதனால்தான். ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே கட்டி முந்திக்கொண்டு வரலாம். அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இந்தக் கட்டிக்கு அடிப்படைத் தொகுப்பில் கிடைக்கும் விடை: சிடி20, சிடி3 நெகட்டிவ், கி-67 அதிகம், சிடி45 மங்கல் அல்லது இல்லை. டி-செல்லிலும் மைலாய்டு செல்லிலும் இருக்கும் சிடி43-ஐக் கூடுதலாகப் போட்டு, அது பாசிட்டிவ் ஆனால் டி-செல் லிம்போமா என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. சிடி3 இல்லாமல் சிடி43 மட்டும் ஏறினால் முதலில் மைலாய்டைத்தான் நினைக்க வேண்டும். குழந்தைகளிடம் சிடி99 பாசிட்டிவ் ஆகி, ஈவிங் சார்கோமா (எலும்பிலும் மென்திசுவிலும் வரும் புற்றுநோய்) என்று திசைதிருப்பும்.

எனவே எம்.பி.ஓ., முதிராத செல்களைக் காட்டும் சிடி117, சிடி34, மோனோசைட் (ஒருவகை வெள்ளணு) வகையைக் காட்டும் லைசோசைம், சிடி68 ஐந்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். எம்.பி.ஓ. மட்டும் போதாது, மோனோசைட் வகையில் அது நெகட்டிவாக வரலாம், அங்கே லைசோசைமும் சிடி68-ம்தான் கைகொடுக்கும். செலவு கூடும். ஆனாலும் தவறான கீமோவில் இழக்கும் வாரங்களுக்கு அது ஈடாகாது: கட்டி மட்டும் இருந்தாலும் ஏ.எம்.எல். சிகிச்சைதான் தர வேண்டும். வெட்டி எடுத்தோ கதிர்வீச்சு கொடுத்தோ நிறுத்திக்கொண்டால், பெரும்பாலும் சில மாதங்களில் லுக்கேமியா வெளிப்பட்டுவிடும். மஜ்ஜைப் பரிசோதனையும் உடனே தேவை.

திசுவைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் இருக்கட்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (உயிருள்ள செல்களை ஒவ்வொன்றாக ஆராயும் சோதனை) ஒரு துண்டை ஃபார்மலின் படாமல் ஆர்.பி.எம்.ஐ. என்ற செல் வளர்ப்புத் திரவத்தில் அனுப்புங்கள். எலும்பு ஒட்டிய துண்டை அமிலத்தில் மென்மையாக்கினால் டி.என்.ஏ. சிதைந்து ஃபிஷ் (மரபணு மாற்றங்களைக் காட்டும் சோதனை) பார்க்க முடியாமல் போகும், அமிலத்துக்குப் பதில் இ.டி.டி.ஏ. கரைசலில் மென்மையாக்கச் சொல்லிக் கேளுங்கள். பயாப்ஸி சிறியதாக இருந்தால், சாயமேற்றாத ஸ்லைடுகளை முதல் முறையிலேயே வெட்டி வைக்கச் சொல்லுங்கள். பிளாக்கை (திசு பதித்த மெழுகுக் கட்டி) ஒவ்வொரு முறை மறுபடி ஏற்றிச் சீவும்போதும் திசு வீணாகிறது.