லாவ் பா சாட்: சாத்தேக்கு முன் கூரையைப் பாருங்கள்

சிங்கப்பூர் நிதி வட்டாரத்தில், கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே இருக்கும் இந்த உணவங்காடிக்குச் சாத்தே (குச்சியில் கோத்துக் கரியில் சுட்ட இறைச்சி) சாப்பிட மட்டும் போய்த் திரும்புவது பெரிய இழப்பு. கட்டடம்தான் இங்கே முதல் தரம். சாப்பாடு கடைக்குக் கடை மாறும்.

எண்கோண வடிவம், கடலோரத்தில் இருந்த பழைய தெலுக் ஆயர் சந்தைக்கு 1830களில் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் போட்டது. கடலைத் தூர்த்தபோது அந்தச் சந்தை போயிற்று. நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மக்ரிச்சி அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களைக் கப்பலில் வரவழைத்து, 1894இல் இங்கே எழுப்பினார். வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசை வந்தால் பட்டென்று முறியும். அதனால்தான் கூரைப் பாரம் நேராகத் தூண் வழியே இறங்குகிறது. துண்டு துண்டாக வார்த்துப் பூட்டிய வேலை என்பதால், எம்ஆர்டி மெட்ரோ ரயில் சுரங்கப் பணிக்காக 1986இல் முழுவதையும் கழற்றிப் பிறகு திரும்ப நிறுத்த முடிந்தது. செங்கல் கட்டடத்தில் இது நடக்காது.

நடுவில் மணிக்கூண்டுக்கு அடியில் நின்றால் எட்டுப் பக்கமும் நடைபாதை பிரிந்து போவது தெரியும். தூண் தலைப்பிலும் வளைவு மூலைகளிலும் உள்ள சித்திர வேலையை அங்கிருந்தே பார்க்கலாம். குறை என்னவென்றால், கடைகளின் விளக்குப் பலகைகள் பல தூண்களைப் பாதி மறைக்கின்றன. 1973இலேயே தேசியச் சின்னமாக அறிவித்த கட்டடத்துக்கு இது தகாது.

பகல் 12 முதல் 2 வரை போகாதீர்கள். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று பொருள். பிற்பகல் 3 மணிக்கு மேல் நிதானமாகப் பார்க்கலாம். குளிர்சாதனம் கிடையாது, பக்கங்கள் திறந்தே இருந்தாலும் நடுப்பகுதியில் அடுப்புச் சூடு தங்கும். ஓர மேசையே நல்லது.

சாத்தே கடைகள் வெளியே பூன் டாட் ஸ்திரீட்டில். வார நாட்களில் இரவு 7 மணிக்குத் தெருவை அடைத்த பிறகே கரி அடுப்பு மூட்டுவார்கள். மொத்தமாகச் சொல்லாமல் பத்துப் பத்துக் குச்சியாக வாங்குங்கள். ஆறினால் இறைச்சி இறுகிவிடும். தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் உண்டு.

அதே தெருவில் ராபின்சன் ரோட்டைத் தாண்டி நேரே நடந்தால், தெலுக் ஆயர் ஸ்திரீட் முனையில் தமிழ் முஸ்லிம்கள் 1830 வாக்கில் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. பகலில் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.