பழைய கம்ப்யூட்டர்ல நாவிட்ரோம், நம்ம வீட்டுக்கு நம்ம பாட்டு

காரைக்குடி வீட்டுல சும்மா கெடந்த கோர் டூ டுவோ கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம், அதுல டெபியன்கிற லினக்ஸ் ஏத்தி, நம்ம பாட்டு ஃபைலை வீட்டுக்குள்ள போன்லயும் பிரவுசர்லயும் கேக்க வைக்குற நாவிட்ரோம்கிற மியூசிக் சர்வரைப் போட்டாச்சு. இலவசம், ஓப்பன் சோர்ஸ், ரொம்ப லேசு. பாட்டு ஃபோல்டரைக் காமிச்சுட்டு பிரவுசர்ல அந்தக் கம்ப்யூட்டரோட ஐபி அட்ரஸுக்குப் பின்னாடி :4533னு போர்ட் நம்பரை அடிச்சுத் தொறந்தா வேலை முடிஞ்சுது. போன்ல கேக்க சப்ஸ்ட்ரீமர் ஆப்.

ஒண்ணு கவனிங்க, இது ஃபோல்டர் பேரை வச்சுப் பிரிக்காது, பாட்டு ஃபைலுக்குள்ள பாட்டு பேரு, ஆர்ட்டிஸ்ட் பேருன்னு எழுதியிருக்குற டேக்கைத்தான் படிக்கும், கேசட்லேந்து மாத்துன நாதஸ்வர ஃபைலெல்லாம் டேக் இல்லாம 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்'னு ஒரே குவியலா கெடந்துச்சு, டேக் எழுதுற பிக்கார்டு சாஃப்ட்வேர்ல உக்காந்து ராகம், வித்வான் பேரெல்லாம் தமிழ்லயே அடிச்சதும் அழகா பிரிஞ்சு வந்துருச்சு.

செட்டிநாட்டு வீட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம்: முகப்புல ரூட்டர் வச்சா ரெண்டாங்கட்டுக்கு வைஃபை போகவே போகாது, சுவரு அப்படி. வளவு ஓரமா லேன் கேபிள் இழுத்து உள்ள வைஃபை குடுக்குற ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைங்க. அப்பவும் சிக்னல் கம்மின்னா பெரிய ஃப்ளாக் ஆடியோ ஃபைலை எம்பி3யா சுருக்கி அனுப்ப வைக்கலாம், கம்ப்யூட்டர்ல அப்படி மாத்துற எஃப்எஃப்எம்பெக் சாஃப்ட்வேர் இருக்கணும், அவ்வளவுதான். அடுப்படில அப்பத்தா தோடி கேக்குறாங்க, "நடுவுல விளம்பரமே வரலையேப்பா"ன்னு அவ்வளவு சந்தோஷம். தாராளமா போடுங்க, பேக்கப்புக்கு மட்டும் தனியா ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிருங்க.