மச்சத்தை அழித்த செல்ஃபி செயலி: 5-க்கு 2 நட்சத்திரம்

மகள் கேட்டாளே என்று என் போனில் ஏற்றிய செல்ஃபி செயலி இது. ஆறு மாதம் ஆகிறது. பெயரைச் சொல்லவில்லை, இந்த வகையில் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழுகிறது, போனும் சூடாவதில்லை. அதற்குத்தான் இரண்டு நட்சத்திரம்.

மிச்ச மூன்றும் போனது என் மச்சத்தால். வலது கன்னத்தில், உதட்டோரத்துக்குச் சற்று மேலே, எள்ளளவு இருக்கும். என் அம்மாவுக்கும் அதே இடத்தில் உண்டு. நானும் மகளும் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா பக்கத்துல யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

"மச்சம் எங்கேடி?"

அப்புறம்தான் தேடினேன். 'அழகு' என்றொரு பட்டை, 0 முதல் 100 வரை. நாம் தொடாமலே 40-ல் நிற்கிறது. முகத்தில் எது தனித்துத் தெரிந்தாலும் கறையென்று துடைத்துவிடுகிறது. தாடையை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கி, நிறத்தையும் ஒரு படி வெளுக்கிறது. யார் கேட்டார்கள்?

என் மச்சம் போகட்டும். மகளுக்கு வயது 14. சாதாரண கேமராவில் எடுத்தால், "மூக்கு அசிங்கமா இருக்கும்மா" என்று உடனே அழிக்கிறாள். நெஞ்சு பதறிவிட்டது. அவளை உட்கார வைத்து ஒரு படம் முகத்துக்குக் கிட்டே எடுத்தேன், இன்னொன்று ஐந்தடி தள்ளி நின்று. லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத்தான் விழும். முகத்தில் முன்னால் நிற்பது மூக்கு. 12 அங்குலத்தில் எடுத்தால், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு படத்தையும் விரலால் பெரிதாக்கி, மாற்றி மாற்றி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளம்பரப் படத்தில் உடலையோ சருமத்தையோ திருத்தினால் அதில் குறி போட வேண்டும் என்று நார்வே 2021-ல் சட்டம் கொண்டுவந்தது. இந்தச் செயலியும் படத்தின் மூலையில் அப்படி ஒரு குறி வைத்திருந்தால், தோழிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து என் பெண் தன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்திருக்க மாட்டாள்.

பட்டையை 0-க்கு இறக்கலாம். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மறுபடி 40-க்கு வந்து நிற்கிறது. பிள்ளைகளின் போனில் இந்தச் செயலி இருந்தால், அவர்களைக் கூட வைத்துக்கொண்டே இறக்குங்கள். முதலிலேயே 0-ல் கொடுக்கட்டும், நட்சத்திரத்தைக் கூட்டிப் போடுகிறேன்.