நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார் – வருஷ சந்தா தேவையா?

மூணையும் மாத்தி மாத்தி வச்சிருக்கிறவன்ங்கிற முறையில சொல்றேன், எங்க வயசுல யாரும் இப்ப ஆப்புக்காக காசு கட்டுறதில்ல, படத்துக்காகத்தான். மகாராஜா நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு, டூரிஸ்ட் ஃபேமிலி ஹாட்ஸ்டார்ல, கூலி பிரைம்ல, எல்லாமே தியேட்டர்ல வந்து நாலஞ்சு வாரத்துலயே. எல்லாத்தையும் வருஷம் முழுக்க வச்சிருந்தா வாடகை போக மிஞ்சுற சம்பளத்துல கட்டுப்படியாகாது, அதனால படம் எங்கயோ அங்க ஒரு மாசம் போடுறது, பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டு கழண்டுக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ்ல மாசம் 149 ரூபா மொபைல் பிளான் எடுத்துடாதீங்க, போன்லயும் டேப்லயும்தான் ஓடும், படத்தோட குவாலிட்டியும் 480pதான். 50 ரூபா கூடப் போட்டா 199 பேசிக், டிவில 720pல ஓடும், ஆனா ஒரு நேரத்துல ஒரு ஸ்கிரீன்தான், ரூம்ல ரிமோட் சண்டை கேரண்டி. ஃபுல் ஹெச்டி வேணும்னா 499. 2023 ஜூலைல பாஸ்வேர்ட் ஷேரிங்கை நிறுத்தினதோட ஓசில ஓட்டின காலமும் போச்சு. ஒரு நல்ல விஷயம், விட்டுட்டு சீக்கிரமே திரும்பி வந்தா பாதில நிறுத்தின எபிசோட் அப்படியே இருக்கும்.

ஹாட்ஸ்டார் எனக்கு ஐபிஎல் சீசனுக்கு மட்டும்தான். 2023ல ஜியோசினிமால ஃப்ரீயா காட்டிப் பழக்கிவிட்டாங்க, 2025 பிப்ரவரில ரெண்டும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆச்சு, அப்புறம் காசு. இருந்தாலும் மூணு மாசத்துக்கு 149 மொபைல் பிளான் ஐபிஎல்லுக்கு கணக்கு சரியா வருது. கட்டுறதுக்கு முன்னாடி உங்க ரீசார்ஜ் பேக்லயே இருக்கான்னு ஒரு தடவ பாருங்க.

பிரைம் மட்டும்தான் வருஷத்துக்கு எடுக்கலாம். மாசம் 299, வருஷம் 1499, அதாவது அஞ்சு மாசக் காசுல ஒரு வருஷம், அமேசான் டெலிவரியும் ஃப்ரீ. ஆனா 2025 ஜூன்லருந்து காசு கட்டினவனுக்கும் விளம்பரம் போடுறாங்க, அதை நிறுத்த மாசம் 129 தனியா, இதெல்லாம் ரொம்ப ஓவர்.

சன் நெக்ஸ்ட், ஆஹா மாதிரி மத்த ஆப் எல்லாம் ஏதாவது படம் வந்தா பார்த்துக்கலாம்.

சேருறதை விட வெளிய வர்றதுதான் முக்கியம். ஒரு ஆப்ல (பேர் வேணாம்) கேன்சல் எங்க இருக்குன்னு தேடி உள்ள போனா ஏன் போறீங்கன்னு காரணம் கேக்குது, அடுத்த ஸ்கிரீன்ல ஆஃபர் தர்றேங்குது, கல்யாண வீட்ல சாப்பிடாம கிளம்புறவன் கையப் புடிச்சு இழுக்குற மாதிரி. யுபிஐ ஆட்டோபேல (மாசா மாசம் காசு தானா போறது) கட்டினா இந்தத் தொல்லையே இல்ல, ரிசர்வ் பேங்க் ரூல்படி காசு எடுக்குறதுக்கு ஒரு நாள் முன்னாடியே மெசேஜ் வந்துடும், ஜிபேல ஆட்டோபே போய் கேன்சல் குடுத்தா முடிஞ்சுது. கட்டின மாசம் முடியுற வரைக்கும் படமும் ஓடும். என் ரூம்மேட் சேர்ந்த அன்னிக்கே ஆட்டோபேவ கட் பண்ணிட்டுதான் முதல் படத்தையே போடுவான்.